தேக்கரண்டி என்றால் எந்தக் கரண்டி?

நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஆஸ்பத்திரி மருந்தகத்துக்கு லேபல் அச்சிடும் இயந்திரம் ஒன்று வந்திருக்கிறது. நான் இருந்த காலத்தில் கேட்டுக் கேட்டு வராதது, நான் வெளியேறியதும் வந்துவிட்டது. குடை எடுக்காத நாளில் மட்டும் மழையைச் சந்திக்கும் ஜாதகம் என்னுடையது. ஆகவே ஆச்சரியம் இல்லை.

சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் அது கண் இமைப்பதற்குள் லேபல் துப்புகிறதாம். என்னிடம் வேலை பழகிய இரண்டு இளைய மருந்தாளர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, அதில் ஒன்றைப் பெருமையாகக் காட்டினார்கள்.

“பாருங்க சேர், ஒரு எழுத்துப் பிழைகூட இல்ல.”

பார்த்தேன். உண்மைதான். ‘ஒரு தேக்கரண்டி’ என்று முத்து முத்தாக அச்சாகியிருந்தது. நான் சிரித்த சிரிப்பில் என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “மாத்திரை போட்டீங்களா இல்லையா?” என்று கேட்டாள். எதற்குச் சிரித்தேன் என்று அந்த இருவருக்கும் சொன்னேன். கேட்டு முடிந்ததும் அவர்கள் லேபலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். “இதை எழுதிக் குடுங்க சேர், புதுசா வாறவங்களுக்கு வாசிக்கக் குடுக்கலாம்” என்றார்கள்.

முப்பது சொச்ச வருடம் போத்தல் வயிற்றில் ஒட்டும் துண்டுக் கடதாசியில் மட்டுமே எழுதிய கை இது. நீளம் கூடினால் பொறுத்துக்கொள்ளவும். சாப்பாட்டுக்குப் பின் வாசிப்பது நல்லது.

நான் மருந்தாளரானது லட்சியத்தால் அல்ல. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து விஞ்ஞானம் படித்தேன் என்ற ஒரே குற்றத்துக்காக எங்கள் தோட்டம் முழுவதும் என்னை ‘டொக்டர்’ என்று அழைக்கத் தொடங்கியிருந்தது. பரீட்சைப் பெறுபேறு வந்தபோது, விடைத்தாள் திருத்தியவர்கள் தோட்டத்தாரின் கருத்தோடு உடன்படவில்லை என்பது தெரிந்தது. கொழும்பில் பயிற்சிக்குப் போனேன். அங்கே படித்த மருந்துகளில் பாதியை நான் மறந்துவிட்டேன். மறக்காத மீதிப் பாதி எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கடைசிவரை வரவேயில்லை. பயிற்சிக் காலம் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

எங்கள் ஆஸ்பத்திரி ஊவாவின் ஒரு மலைச்சரிவில், தேயிலைக்கும் மூடுபனிக்கும் இடையில் செருகி வைத்தது போல இருக்கும் சின்ன ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், அது நல்ல ஆஸ்பத்திரி. அங்கே என் மேலதிகாரி சிவபாதம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். இரண்டு வருட இடமாற்றத்தில் வந்தவர், குளிர் பிடித்துப்போய்க் கடைசிவரை இருந்துவிட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, சத்தமே வராத செருப்பு. அவர் எப்போது நம் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார் என்று யாருக்கும் தெரியாது. கோபப்பட்டுக் கத்தியதை நான் கேட்டதே இல்லை. மனசு குளிர்ந்திருந்தால் என்னை “என்ன காணும்” என்பார். பிழை கண்டுபிடித்துவிட்டால் “தம்பி” என்பார். அந்தத் ‘தம்பி’யைக் கேட்டாலே எனக்கு வயிற்றுக்குள் ஐஸ்கட்டி இறங்கும்.

அவருக்கு மருந்தைவிடத் தமிழ் மேல் பற்று அதிகம் என்று நான் கேலி செய்வது வழக்கம், அவர் காதில் விழாத தூரத்தில் வைத்து. லேபலில் எந்தச் சொல்லையும் சுருக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். “தே.க. எண்டு எழுதினால் அந்தச் சனத்துக்கு என்னெண்டு விளங்கும்? முழுசா எழுதும். தேக்கரண்டி. என்ன வடிவான சொல்லு!”

இந்தச் சட்டம் வந்ததற்கு நானும் ஒரு காரணம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், முழங்கால் வலியோடு வந்த ஒரு பெரியவருக்கு மாத்திரை கட்டிக் கொடுத்து, உறையில் ‘நாளுக்கு மூன்று தடவை’ என்று எழுதினேன். ஒரு கிழமை கழித்து வந்தார். வலி குறையவே இல்லை என்றார்.

“மாத்திரைய ஒழுங்கா எடுத்தீங்களா?”

“எடுத்தேனுங்க. ஒரலுல போட்டு இடிச்சு, நல்லெண்ணெயில கொழச்சு, நாளைக்கு மூணு வாட்டி முட்டியில தடவுறேன். தடவச் சொல்லித்தானே நீங்க எழுதியிருந்தீங்க?”

நான் சிரித்தேன். பின்னால் “தம்பி” என்று ஒரு குரல் கேட்டது. அன்றிலிருந்து எங்கள் மருந்தகத்தில் ‘தடவை’ ஒழிந்தது. ‘முறை’ வந்தது. அத்தோடு ஒரு புதுச் சடங்கும் வந்தது. மருந்தை நீட்டிவிட்டு உடனே கையை விடக்கூடாது. வாங்குகிறவர் போத்தலின் ஒரு பக்கத்தையும் நாம் மறுபக்கத்தையும் பிடித்துக்கொண்டிருக்க, எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வேண்டும். “என்ன சொன்னனான்? சொல்லுங்கோ பாப்பம்” என்பார் ஐயா. சரியாகச் சொன்னால்தான் போத்தல் கைமாறும். ஜன்னலில் அது ஏதோ தாலி கட்டும் நேரம் போல இருக்கும். வரிசை நீளும், பின்னாலிருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். ஐயா அசைய மாட்டார். இந்த முறை இருக்கும்வரை எங்கள் ஜன்னலில் பிழையே நடக்காது என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன். மகேந்திரன் வரும்வரை.

மகேந்திரனுக்குப் பூனாகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. மனைவி கௌசல்யா கொழுந்து பறிப்பவர். எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தை, நிவேதா. தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில், காய்ச்சல் என்றால் சேர்க்க மாட்டார்கள். மகேந்திரனுக்குப் பின்னேர வேலை. ஆகவே காய்ச்சல் நாட்களில் பகல் முழுவதும் அவர்தான் தாயும் தகப்பனும். குழந்தைக்குத் துணி மாற்றவும் தெரியும், தாலாட்டவும் தெரியும் என்று கௌசல்யாவே பெருமையாகச் சொல்வார். லயத்தில் மற்ற ஆண்கள் இதற்காக அவரைக் கிண்டலடிப்பார்கள். அவர் கண்டுகொள்வதில்லை.

முதல் நாள் காய்ச்சலோடு வந்தார்கள். அந்த நாளில் எங்களிடம் பாணி மருந்து பெரிய கேனில் வரும். அளவுக் குப்பி என்று ஒன்று அதோடு வர வேண்டும், வராது. நோயாளி வீட்டிலிருந்து கழுவிய போத்தல் கொண்டுவர வேண்டும். மகேந்திரன் பளபளவென்று அவித்துக் கழுவிய சின்ன இருமல் மருந்துப் போத்தல் ஒன்று கொண்டுவந்தார். காய்ச்சல் பாணியைக் கழுத்து வரை ஊற்றினேன். மூன்று நாளைக்கு மேலேயே போதும். லேபல் எழுதியது ஐயா. போத்தலைப் பிடித்துக்கொண்டு சடங்கையும் அவரே நடத்தினார்.

“ஒரு தேக்கரண்டி, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா” என்று மகேந்திரன் தடங்கல் இல்லாமல் சொன்னார்.

“கெட்டிக்காரன்” என்றார் ஐயா. போத்தல் கைமாறியது. நூற்றுக்கு நூறு.

மறுநாள் காலையிலேயே மகேந்திரன் திரும்பவும் ஜன்னலில். கையில் காலிப் போத்தல், டொக்டர் எழுதிய புதுத் துண்டு. கௌசல்யா குழந்தையோடு வாங்கில் உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் பிள்ளை வாந்தி எடுக்கிறது, பால் குடிக்காமல் துவண்டு கிடக்கிறது என்று காட்ட வந்திருந்தார்கள். டொக்டர் உப்புச்சீனிக் கரைசல் எழுதி, திரும்பக் காய்ச்சல் வந்தால் கொடுக்க அதே பாணியையும் எழுதியிருந்தார்.

நான் காலிப் போத்தலைப் பார்த்தேன். எனக்கு வாய் சும்மா இருக்காதே.

“என்ன மகேந்திரன், நேத்துத்தானே கழுத்து வரைக்கும் ஊத்தினேன்? பாப்பாவுக்குக் குடுத்தீங்களா, இல்ல இனிப்பா இருக்குன்னு நீங்க ஊத்திக்கிட்டீங்களா?”

வரிசை சிரித்தது. மகேந்திரனும் சிரித்தார்.

“ஐயோ இல்லீங்க சேர். நேரம் தவறாம பாப்பாவுக்குத்தான் குடுத்தேன். நீங்க எழுதியிருந்த மாதிரியே.”

நாற்பது பேர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்க, நான் காலிப் போத்தலைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். எழுதியிருந்த மாதிரியே கொடுத்தால் அந்தப் போத்தல் முடிய முடியாது.

“எவ்வளவு குடுத்தீங்க?”

“ஒரு தேக்கரண்டிங்க.”

“எவ்வளவு குடுத்தீங்கன்னு டொக்டர் கேட்டாங்களா?”

“கேட்டாங்களே. டொக்டர் நோனா சிங்களத்துல கேட்டாங்க, நானும் ‘தே ஹெந்தக் துன்னா’ன்னேன். ‘ஹரி, ஹரி’ன்னாங்க, சரிதானாம்.”

சரிதான். தமிழில் சொன்னாலும் ஒரு தேக்கரண்டி, சிங்களத்தில் சொன்னாலும் ஒரு தேக்கரண்டி. இரண்டு மொழியும் ஒற்றுமையாக இருக்கும் அரிய இடங்களில் ஒன்று.

பின்னால் சத்தமில்லாமல் ஐயா வந்து நின்றிருந்தார். ‘தம்பி’ என்று என்னைக் கூப்பிடவில்லை. மருந்தகத்தின் பக்கக் கதவை அவர் வெளியாருக்குத் திறந்து நான் பார்த்ததில்லை. அதைத் திறந்து மகேந்திரனை உள்ளே கூப்பிட்டார்.

“எந்தக் கரண்டியாலை குடுத்தனீங்கள்?”

“இந்தா இருக்குங்க. பஸ்ஸுல வரும்போது மருந்து நேரம் வந்துருச்சுன்னா குடுக்கணுமேன்னு எடுத்துட்டு வந்தேன்.” பையிலிருந்து வெள்ளைத் துணிப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். “சுடுதண்ணில அவிச்சதுங்க. அசல் தேக்கரண்டி. எங்க பெக்டரி டீமேக்கர் ஐயா குடுத்தது.”

தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர் தேநீர் ருசி பார்ப்பார். வரிசையாக வைத்த கிண்ணங்களில் கரண்டியை விட்டு, சர்ரென்று உறிஞ்சித் துப்புவார். அதற்கென்றே அகலமாக, குழிவாக ஒரு கரண்டி உண்டு. மெருகு போன பழைய கரண்டி ஒன்றை அவர் மகேந்திரனுக்குக் கொடுத்திருக்கிறார். மகேந்திரன் வீட்டில் அது தேயிலைத் தூள் டின்னுக்குள் கிடக்கும். ஊவா மாகாணத்தில் தேக்கரண்டி என்ற பெயருக்கு அதைவிட உரிமையுள்ள கரண்டி வேறு இருக்க முடியாது.

ஐயா குழாயில் அந்தக் கரண்டியை விளிம்புவரை நிறைத்தார். ஒரு சொட்டும் சிந்தாமல் அளவுக் கண்ணாடிக்குள் ஊற்றினார். கண்ணாடியைக் கண்ணுக்கு நேரே உயர்த்தி, வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஒரு தேக்கரண்டிக்கு உரிய ஐந்தாம் கோட்டைத் தாண்டியது. பத்தாம் கோட்டைத் தாண்டியது. பதினைந்தாம் கோட்டில் போய்ச் சாவகாசமாக உட்கார்ந்தது. மூன்று மடங்கு.

“தலைதட்டி நிறைச்சோ குடுத்தனீங்கள்?”

“ஆமாங்க. கொறைவாக் குடுத்தாக் காய்ச்சல் விடாதுல்ல?”

ஐயா கிளினிக் அட்டையைக் கேட்டு வாங்கிக் குழந்தையின் எடையைப் பார்த்தார். ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். எனக்குக் காட்டினார். நானும் மனதுக்குள் அதையேதான் போட்டு முடித்திருந்தேன். காய்ச்சல் பாணி இனிப்பானது, வீட்டுக்கு வீடு இருப்பது, எல்லோருக்கும் நண்பன். அளவு மீறினால் ஈரலைத் தின்றுவிடும். தின்னும்போது சத்தமும் போடாது.

வாங்கிலிருந்து கௌசல்யா குரல் கொடுத்தார். “என்னங்க, மருந்து இருக்கா இல்லையாமா?”

மகேந்திரன் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “கூடிப்போச்சாங்க?” என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

“நான் எழுதினதைத்தான் நீங்கள் செய்திருக்கிறியள்” என்றார் ஐயா. அப்போதே டெலிபோனை எடுத்துவிட்டார்.

டொக்டர் ஓடிவந்தார். பத்து நாளாகப் பழுதென்று நின்றிருந்த அம்புலன்ஸ், டிரைவர் அதன் மூக்கில் ஓர் உதை விட்டதும் கிளம்பியது. கௌசல்யாவும் குழந்தையும் உள்ளே, மகேந்திரன் முன்னால். பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். கரண்டியை ஐயா வைத்துக்கொண்டார்.

எனக்கு வீடு பதுளையில். வேலை முடிந்து போகும் வழியில் ஆஸ்பத்திரியில் இறங்கினேன். குழந்தைகள் வாட்டில் தாய்மாருக்கு மட்டும்தான் இடம். தகப்பன்மார் என்பவர்கள் போத்தல் தண்ணீர் வாங்கிவருவதற்கும் கையெழுத்துப் போடுவதற்கும் வெளியே வைக்கப்பட்டிருக்கும் ஒரு ஜாதி. மகேந்திரன் வராந்தா ஓரத்தில் குந்தியிருந்தார். பக்கத்தில் மாமியார், கௌசல்யாவின் அம்மா, சீட்டில் உட்கார்ந்து வருகிற போகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

“பச்சப் புள்ளைக்கு அண்டா கலக்குற கரண்டியில ஊத்தியிருக்கான் சாமி! பொம்பள செய்ற வேலைய ஆம்பள செஞ்சா இப்பிடித்தான்.”

அம்புலன்ஸ் கிளம்பிப் பதுளைக்கு வருவதற்குள் கரண்டி அண்டா அளவுக்கு வளர்ந்துவிட்டது. தோட்டத்து வட்ஸ்அப் குழுவில் அதற்கும் முன்பே செய்தி பரவி, மகேந்திரனுக்கு ‘கரண்டி’ என்று பெயரும் வைத்தாகிவிட்டது. தோட்டத்தில் பட்டப்பெயர் கிடைப்பது லேசு, கழற்றுவதுதான் கஷ்டம். என் ‘டொக்டர்’ இன்னும் போகவில்லை.

மாமியார் பிளாஸ்கிலிருந்து மருமகனுக்குத் தேநீர் ஊற்றி நீட்டினார். திட்டிக்கொண்டேதான் ஊற்றினார். மகேந்திரன் வேண்டாம் என்று தலையாட்டினார்.

“சேர், ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. தேக்கரண்டின்னா தேத்தூள் கரண்டி இல்லாட்டி வேற என்னதுங்க?”

“தேத்தண்ணி கலக்குற சின்னக் கரண்டி மகேந்திரன். சீனி போட்டுக் கலக்குவோம்ல?”

“நாங்க எங்கங்க கலக்குறோம்? சீனிய உள்ளங்கையில வச்சு நக்கிக்கிட்டே வெறுந்தேத்தண்ணி குடிப்போம். பால் ஊத்துனா ஆத்துவோம். கலக்குறதுக்குன்னு ஒரு கரண்டி எதுக்குங்க?”

நானும் லயத்தில் உள்ளங்கைச் சீனியில் வளர்ந்தவன்தான். டவுனுக்கு வந்து, கல்யாணத்துக்கு அன்பளிப்பாக வந்த ஆறு கரண்டிகளைக் கண்ணாடி அலுமாரியில் வைத்த நாளோடு என் கை பழையதை மறந்துவிட்டது. உலகத்துக்கே தேயிலை அனுப்பும் மலையில் தேக்கரண்டிக்கு வேலையில்லை. இதை அறிய நான் அந்த வராந்தாவுக்குப் போக வேண்டியிருந்தது.

“கௌசி என்ன சொன்னா தெரியுங்களா? ‘சீனி டின்னுல சின்னக் கரண்டி கெடந்துச்சேங்க’ன்னா. நான் சொன்னேன், அது சீனிக் கரண்டியில்ல?” அவர் சிரிக்க முயன்றார். வரவில்லை. “அதுக்குப் பொறகு அவ என்கூடப் பேசல சேர். ஏசியிருந்தாத் தேவல. என்னைய நம்பித்தானே புள்ளைய விட்டுட்டு மலைக்குப் போறா.”

வாட்டுக் கதவைப் பார்த்தபடி கேட்டார். “ஈரல் போச்சுன்னா திரும்ப வராதுங்கல்ல?”

எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பவன் என்று பெயரெடுத்தவன் நான். தேடிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. ஆகவே உண்மையைச் சொன்னேன். இப்போது குழாய் வழியாக ஏறுவது ஈரலைக் காக்கும் மாற்று மருந்து. நேரத்தோடு வந்திருக்கிறீர்கள். இரத்தம் பார்த்தால்தான் தெரியும், இன்றைக்குத் தெரியாது. பிறகு அவர் பக்கத்திலேயே குந்திக்கொண்டேன். அந்த வயதில் எனக்கு எழுந்திருக்கத்தான் கஷ்டமாக இருந்தது. மாமியார் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

மூன்றாம் நாள் பின்னேரம் நான் போயிருந்தபோது வாட்டு டொக்டர் வெளியே வந்து, “பிள்ளையின் தகப்பன் யார்?” என்று சிங்களத்தில் கேட்டார். மகேந்திரன் எழுந்து நின்றார். மாமியாரும் எழுந்தார். எதற்கென்று தெரியாமல் நானும் எழுந்தேன். இரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது, ஈரலுக்குப் பாதிப்பு இல்லை, பால் குடிக்கிறாள், பயப்பட வேண்டாம் என்றார். மகேந்திரன் நேரே போய்ச் சுவரோரக் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். கடைசியில் காவலாளி வந்து, “தண்ணி வீணாகுது அண்ணே” என்று குழாயை மூட வேண்டியதாயிற்று.

இதற்கிடையே எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு விசாரணைக் குழு வந்து போனது. வந்தவர்கள் முறையாகவே விசாரித்தார்கள். டொக்டர் எழுதிய அளவு சரி. மருந்தாளர் எழுதிய லேபல் சரி. நோயாளியின் தகப்பன் அதைச் சரியாகத் திருப்பிச் சொல்லியிருக்கிறார், அதுவும் சரி. எல்லாம் சரியாக இருந்ததால் குழுவுக்குத் திருப்தி. தவறு கரண்டியுடையது. கரண்டி அரசாங்க ஊழியர் அல்ல என்பதால் அதன்மேல் நடவடிக்கை எடுக்க வழியில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். கலக்கித்தான் குடித்தார்கள், நான் பார்த்தேன்.

சிவபாதம் ஐயாவுக்குத்தான் திருப்தியில்லை. தேக்கரண்டி என்ற அந்த வடிவான சொல்லை அதன்பிறகு அவர் எழுதவேயில்லை. வாட்டிலிருந்து ஊசியில்லாத சிரிஞ்சுகளைக் கேட்டு வாங்கினார். அது தீர்ந்த நாட்களில், பாணி மருந்துக்கு வருகிறவர்கள் போத்தலோடு கரண்டியும் கொண்டுவர வேண்டும் என்று சட்டம் போட்டார். எங்கள் ஜன்னலில் சோற்றுக் கரண்டி, ஐஸ்கிரீம் கரண்டி, எப்படி வந்தது என்று நாங்கள் கேட்காத துரை பங்களாக் கரண்டி எல்லாம் அணிவகுத்தன. ஒவ்வொன்றையும் தண்ணீரால் நிறைத்து அளந்து, “இதாலை அரைவாசி, விளங்குதோ?” என்பார். வரிசை இன்னும் நீண்டது. ஆனால் யாரும் முணுமுணுக்கவில்லை. கரண்டிக் கதை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பதுளையில் துண்டு வெட்டிக் குழந்தையை அனுப்பிய அன்று, வீட்டுக்குப் போகும் வழியில் மூவரும் எங்கள் ஜன்னலுக்கு வந்தார்கள். குழந்தை நிவேதா என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள். ஈரல் நன்றாக இருப்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை. முதல் காய்ச்சலுக்குக் காரணம் காதில் இருந்த புண். அதற்கு ஒரு பாணி மருந்து இன்னும் ஐந்து நாள் கொடுக்க வேண்டும். பகல் மருந்துக்கு நேரமாகியிருந்தது.

ஐயா ஒரு புது சிரிஞ்சை எடுத்து, கொடுக்க வேண்டிய கோட்டில் சிவப்பு மையால் வளையம் போட்டார். மருந்தை உறிஞ்சிக் காட்டிவிட்டு மகேந்திரனிடம் நீட்டினார். மகேந்திரன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“கௌசிகிட்டக் குடுங்கய்யா. வாட்டுல அவதான் குடுத்தா.”

“நாளைக்குப் பெரட்டுக்கு நான் போகணும்” என்றார் கௌசல்யா. பெரட்டு என்பது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடம். போகாவிட்டால் அன்றைய பெயர் இல்லை, கூலியும் இல்லை. “பகல் மருந்து யாரு குடுக்குறது? ஒங்க டீமேக்கர் ஐயாவா வரப்போறாரு?”

“ஒங்கம்மாவக் கூப்பிடுவோம்.”

“எங்கம்மாவுக்குப் பஸ்ஸு போர்டே தெரியாது. இந்தக் கோடு தெரியுமா?”

“என்னால ஏலாது கௌசி.”

கௌசல்யா அவரை ஒரு பார்வை பார்த்தார். நாட்கணக்காகப் பேசாமல் இருந்து இப்போதுதான் வாய் திறந்தவர். திட்டப்போகிறார் என்று நினைத்து நான் மாத்திரை டப்பாக்களை எண்ணுவதுபோல் திரும்பிக்கொண்டேன். அவர் திட்டவில்லை. குழந்தையைத் தூக்கிக் கணவன் கையில் திணித்தார்.

“எனக்குச் சோப்பு வாங்கணும். கடைக்குப் போயிட்டு வாறேன்” என்று வெளியே நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

மகேந்திரன் சிரிஞ்சை வாங்கினார். சிவப்பு வளையத்தைப் பார்த்தார். ஐயாவைப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கி இன்னொரு முறை பார்த்தார். கன்னத்தின் ஓரமாக வைத்து மெதுவாகத் தள்ளினார். குழந்தை ஒரு வாய் விழுங்கியது. யோசித்தது. அடுத்த வாயைத் தகப்பனின் சட்டை மேல் துப்பியது.

அவர் சிரிஞ்சை வெளியே எடுத்துவிட்டார். “ஐயா, துப்பிருச்சு. இப்ப எவ்வளவு உள்ள போயிருக்கும்?”

இந்தக் கேள்விக்கு உலகத்தில் எந்த மருந்தாளரிடமும் பதில் இல்லை. ஆனால் நாங்கள் யாரும் அதை வெளியே சொல்வதில்லை. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எனக்கும் தெரியாது தம்பி” என்றார். அந்தத் ‘தம்பி’யில் ஐஸ்கட்டி இல்லை. “துப்பினதைத் திருப்பிக் குடுக்க வேண்டாம். மிச்சத்தை மட்டும் குடும்.”

மகேந்திரன் மிச்சத்தைக் கொடுத்தார். குழந்தை சப்புக்கொட்டியது.

மருந்தகத்தின் பக்க ஜன்னல் வழியாக அம்புலன்ஸ் கொட்டகை தெரியும். கௌசல்யா கடைக்குப் போயிருக்கவில்லை. கொட்டகைத் தூணுக்குப் பின்னால் நின்று, முந்தானையை வாயில் கடித்தபடி, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கௌசி! குடுத்துட்டேன்!” என்று மகேந்திரன் வாசலுக்கு வந்து கத்தினார்.

கௌசல்யா முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாவதானமாக நடந்து வந்தார்.

“சோப்பு முடிஞ்சு போச்சாம்” என்றார்.

எதிர்க்கடை வாசலில் சோப்புப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. எனக்குத் தெரிந்தது, ஐயாவுக்கும் தெரிந்தது. மகேந்திரனும் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, மருந்துப் போத்தலைத் தன் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“அதுக்கென்ன, நாளைக்கு நீ மலையிலேருந்து வாறதுக்குள்ள நான் வாங்கி வைக்கிறேன்” என்றார்.